பாரா துவண்டு வரணும், கோமதி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் விடாதே. சொன்னால் கேட்கமாட்டார்கள், நீதான் பிடித்து உட்காரவைக்கணும். இங்கே எல்லோரும் சௌக்கியம். மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது, மத்தியானம் ஆனால் கொட்டித் தீர்க்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் டிரினிடாட் தீவின் தெருச் சாப்பாடு, இரண்டு பொரித்த ரொட்டியில் கடலைக் குழம்பு வைத்துத் தருகிற டபுள்ஸ்தான். டபுள்ஸ் செய்து பார்த்தேன், பூரி மாதிரி மொறுமொறுவென்று வந்துவிட்டது, கடலையை வைத்து மடித்தால் உடைகிறது என்று எழுதியிருந்தாயே. பூரிக்குப் பிசைகிற கெட்டியில் பிசைந்திருப்பாய். பாரா, அதுதான் அந்த ரொட்டி, அப்படி இருக்கக் கூடாது, கையில் எடுத்தால் துவண்டு விழணும். டிரினிடாட்டில் இதை யாரும் மேஜை போட்டுச் சாப்பிடுவதில்லை. தெருவோரம் நின்றபடி, காகிதத்தை உள்ளங்கையில் ஏந்தி, பாராவைக் கிள்ளிக் கிள்ளிக் கடலையை அள்ளித் தின்பார்கள். மொறுமொறுப்பாக இருந்தால் அது நடக்காது.

இரண்டு கப் மைதாவுக்கு அரை ஸ்பூன் மஞ்சள்தூள், அரை ஸ்பூன் வறுத்துப் பொடித்த சீரகம், அரை ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். வெதுவெதுப்பான தண்ணீரை முக்கால் கப்பில் ஆரம்பி, ஒரு கப் வரை போகலாம். மாவு கையில் ஒட்டும், ஒட்டட்டும். பயந்துபோய் மேலும் மைதாவைக் கொட்டிவிடாதே, காரியம் கெடுவது அந்த இடத்தில்தான். மூடி வைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிடும், திருநெல்வேலி வெயிலுக்கு அதற்கும் முன்னாலேயே. எண்ணெய் தொட்ட கையால் சின்ன எலுமிச்சை அளவு உருட்டி வைத்துப் பத்து நிமிஷம் விடு. அப்புறம் எண்ணெய் தடவிய தட்டில் வைத்து விரலாலேயே தட்டு. பூரிக்கட்டையை எடுக்காதே. நடுவில் அடுத்த பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வரணும்.

எண்ணெய் நல்ல சூடாக இருக்கணும். ஒரு பக்கம் பத்துப் பதினைந்து விநாடி, திருப்பிப் போட்டு இன்னொரு பத்து, அவ்வளவுதான். சிவக்கவிடாதே, மஞ்சளாகவே எடுத்துவிடு. எடுத்ததை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் துணியில் சுற்றிவை. உப்பியிருந்தால் அமுங்கிவிடும், அந்த ஆவியிலேயே மெத்தென்று ஆகிவிடும். இங்கே வண்டிக்காரர்கள் மரப்பெட்டிக்குள் துணி விரித்து அதற்குள்தான் பாராவை வைத்திருப்பார்கள்.

கடலைக்கு வா. வெள்ளைக் கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போட்டுக் குழைய வேகவை. கறிப்பொடியைத் தண்ணீரில் கரைத்து, வெங்காயம் பூண்டு வதக்கிய எண்ணெயில் ஊற்றிச் சுண்டவிடணும். அந்தப் பொடிதான் மணமே. பிறகு கடலையைப் போட்டுக் கால்வாசியை மசித்துவிட்டால் குழம்பு தானே சேர்ந்துகொள்ளும், கொஞ்சம் தளர இருக்கட்டும். தக்காளி, கரம் மசாலா எதுவும் வேண்டாம். கடைசியில் இங்கே ஷேடோ பெனி என்று ஒரு கீரை போடுவார்கள், ஓரமெல்லாம் ரம்பம் ரம்பமாக நீளமான இலை. மணம் கொத்தமல்லிதான், இன்னும் தூக்கலாக. நீ கொத்தமல்லியையே தாராளமாகப் போடு. புளிச் சட்னியும், வெள்ளரிக்காயைத் துருவி உப்பு பூண்டு பிசறியதும் இல்லாமல் முடிக்காதே.

க்யூரீப் சந்திப்பு எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். காலையில் அந்த வண்டிக்காரர் கையைப் பார்க்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று இருக்கும். காகிதத்தில் இரண்டு பாராவைக் கொஞ்சம் ஏறினாற்போல விரித்து, நடுவே ஒரு கரண்டி கடலை, மேலே சட்னிகள், காகிதத்தின் இரண்டு முனையையும் ஒரு முறுக்கு, கையில் வந்துவிடும். காரம் எவ்வளவு என்றுதான் கேட்பார். நான் ‘ஸ்லைட்’, அதாவது துளியூண்டு, என்பேன். உலகத்திலேயே காரமான மிளகாய்களில் ஒன்று இந்தத் தீவின் மொருகாவில் விளைவது, அதனால் ஜாக்கிரதை. வரிசையில் எனக்கு முன்னால் ஆப்பிரிக்க வம்சத்துப் போலீஸ்காரர், பின்னால் சீன வம்சத்து மாணவி. எல்லோருக்கும் இது சொந்தச் சாப்பாடு.

இதை ‘நம்ம சோலே பட்டூரா’ என்று நீ எழுதியதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 1845-இல் முதல் கப்பல் வந்து, 1917 வரைக்கும் ஒன்றேகால் லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள். பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசப் பக்கத்து ஜனங்கள். மதராஸிலிருந்து கப்பலேறியவர்களும் உண்டு. சீரகமும் மஞ்சளும் கடலையும் அவர்களோடு வந்தவைதான். ஆனால் டபுள்ஸ் இங்கேதான் பிறந்தது, 1930-களில், தெற்கே பிரின்சஸ் டவுனில். டீன் என்கிற குடும்பம் முதலில் கடலையை மட்டும் காகிதக் கூம்பில் விற்றதாம். பிறகு ஒரு பாராவில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், வாங்க வந்தவர்கள் இன்னொன்றும் சேர்த்து ‘டபுள்’ கேட்கக் கேட்க அதுவே பெயராகிவிட்டதாம். வெட்டுக்கத்தியும் கையுமாக இருந்தவர்களின் பிள்ளைகள் இந்தத் தீவுக்கே ஒரு காலைச் சாப்பாட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெருமையை நாம் இழுத்து வைத்துக்கொள்வது நியாயமில்லை.

டிசம்பரில் வரும்போது கறிப்பொடி கொண்டுவருகிறேன். அதுவரை கொத்தமல்லி விதை, சீரகம், வெந்தயம், மிளகு வறுத்து மஞ்சளோடு அரைத்துக்கொள், மிளகாய் சேர்க்காதே. சாம்பார் பொடி மட்டும் போட்டுவிடாதே! அங்கே கடையில் ஈஸ்ட் நல்லதாகக் கிடைக்கிறதா, இல்லை அதையும் எடுத்து வரட்டுமா?

அன்புடன்,
வள்ளி