சிறு நகரத்திடம் மனதைப் பறிகொடுத்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வேலைக்காகப் போன ஊர், கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைத்த ஊர், இப்போது விடமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதே கடிதத்தின் பின்பாதியில், அந்த ஊருக்கு என்னென்ன வரவேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தாயே, அதைப் பார்த்த பிறகுதான் பதில் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. மேம்பாலம், பெரிய வணிக வளாகம், கண்ணாடிக் கட்டடங்கள். எந்த மாதிரி ஊரிலிருந்து ஆளை விட்டால் போதும் என்று கிளம்பி வந்தாயோ, அதையே அங்கேயும் கட்டப் பார்க்கிறாய்.

உனக்கு அங்கே எது பிடித்திருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். எல்லா வேலையையும் நடந்தே முடித்துவிட முடிகிறது. போகிற வழியில் நாலு பேராவது நின்று விசாரிக்கிறார்கள். இரண்டுமே ஊர் சின்னதாகவும் நெருக்கமாகவும் இருப்பதால் கிடைப்பவை. அதன் எதிர்காலத்துக்காக வாதாடுவதென்றால் முதலில் இந்த நெருக்கத்துக்காகத்தான் வாதாட வேண்டும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சவானா என்று ஓர் ஊர். 1733இல் சதுக்கம் சதுக்கமாகத் திட்டமிட்டுத் தொடங்கப்பட்டது. கொஞ்ச தூரம் நடந்தால் மரநிழலோடு ஒரு சதுக்கம், இன்னும் கொஞ்சம் நடந்தால் இன்னொன்று. அவற்றில் ஒன்றான எல்லிஸ் சதுக்கத்தில் பழைய சந்தைக் கட்டடம் நின்றது. 1954இல் அதை இடித்துவிட்டு, கார் நிறுத்த ஓர் அடுக்குக் கட்டடம் எழுப்பினார்கள். அதற்காக இடத்தை 50 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். கார் நிறுத்த இடமில்லாவிட்டால் ஆட்கள் ஊருக்குள் வரமாட்டார்கள் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. (அந்தக் காலத்து என்று எழுதிவிட்டேன். இன்றைக்கும் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள்.)

அடுத்த ஆண்டு, 1955இல், அதே ஊரில் 1820இல் கட்டப்பட்டிருந்த டேவன்போர்ட் வீட்டுக்கும் அதே கதி வரவிருந்தது. ஏழு பெண்கள் சேர்ந்து பணம் திரட்டி அந்த வீட்டை விலைக்கு வாங்கிவிட்டார்கள். ‘ஹிஸ்டாரிக் சவானா பவுண்டேஷன்’ பிறந்தது அப்படித்தான். எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. ஒரு வீட்டைக் காப்பாற்றியதோடு அவர்கள் திருப்திப்படவில்லை. இடிபடக் காத்திருந்த வீடுகளை அமைப்பே வாங்கும். இடிக்கக்கூடாது, பழுதுபார்த்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி, குடியிருக்க ஆசைப்படுகிறவருக்கு விற்கும். வந்த பணத்தில் அடுத்த வீடு. ஒரே பணம் சுற்றிச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான வீடுகளை நிறுத்திவைத்தது. போராட்டம் என்றதும் பதாகையும் கோஷமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே காரியத்தைச் சாதித்தது கிரயப் பத்திரத்தில் சேர்த்த ஒரு நிபந்தனை.

எல்லிஸ் சதுக்கத்துக்கு மட்டும் குத்தகை முடியும் வரை விடிவு இல்லை. முடிந்த பிறகு நகர நிர்வாகம் அந்த அடுக்குக் கட்டடத்தை இடித்து, கார்களைத் தரைக்கு அடியில் அனுப்பி, 2010இல் சதுக்கத்தைத் திரும்பத் திறந்தது. சந்தைக் கட்டடம் போனது போனதுதான்.

இதற்காகச் சவானாவைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் நான் தயாரில்லை. வீடுகள் அழகாக அழகாக வாடகை ஏறியது. அங்கே இருந்த ஏழைகள், அதிலும் கறுப்பின மக்கள், இடம்பெயர நேர்ந்தது. அந்த இயக்கத்தின் முன்வரிசையில் நின்ற லீ ஆட்லரே 1974இல் தனியாக ஓர் அமைப்பைத் தொடங்கி, அதே ஊரின் விக்டோரியன் வட்டாரத்து வீடுகளைக் குறைந்த வருமானக்காரர்கள் அங்கேயே வாடகைக்கு இருக்கும்படி சீரமைப்பதில் இறங்கினார். ஊரை நீ அழகாக்கினால் முதலில் பாதிக்கப்படுகிறவர் வாடகைக்கு இருப்பவர். உன் பட்டியலில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, தம்பி.

அடுத்தது பொந்தேவேத்ரா. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், 80,000 பேருக்குக் கொஞ்சம் அதிகமாக வாழும் ஊர். மிகெல் அன்ஷோ பெர்னாண்டஸ் லோரஸ் என்ற மருத்துவர் 1999இல் அங்கே மேயரானார். வந்த வேகத்தில் பழைய நகர்ப் பகுதியை நடப்பவர்களுக்கு ஒதுக்கினார். கார்களை அடியோடு தடுத்துவிடவில்லை. சரக்கு இறக்கலாம், வீட்டுக்குப் போகலாம், அவசர வேலைக்கு வரலாம். ஊரைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டு கடந்துபோவதும், நிறுத்த இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வருவதும்தான் நின்றன. வண்டிகளுக்கு ஊர் ஓரத்தில் இலவச இடம் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் முதலில் கொதித்தார்கள். பிறகும் தேர்தலுக்குத் தேர்தல் அவரே மேயராகத் தொடர்ந்தார்.

அந்த ஊரின் நகர நிர்வாகம் 2011இல் வெளியிட்ட வரைபடம் ஒன்று உண்டு, ‘மெட்ரோமினுட்டோ’ என்று பெயர். பார்த்தால் மெட்ரோ ரயில் வரைபடம்தான்: வண்ண வண்ணக் கோடுகள், நடுநடுவே நிலையங்கள் போல வட்டங்கள். ஆனால் ஊரில் மெட்ரோவே கிடையாது. சந்தையிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடக்க எத்தனை நிமிடம், எத்தனை மீட்டர் என்பதைத்தான் அந்தக் கோடுகள் சொல்கின்றன. நம் ஊருக்கு மெட்ரோ வருமா என்று ஏங்கிக்கொண்டிருக்காமல், நமக்குக் கால் போதும் என்று ஓர் ஊர் தன் சிறுமையை இப்படிப் பெருமையாக அச்சிட்டு ஒட்டியிருக்கிறதே, அந்தத் தைரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உனக்கு வரையத் தெரியும். உன் ஊருக்கு இதை ஒரு வாரத்தில் செய்துவிடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

லோரஸைப் பற்றி இன்னொன்று. மேயராவதற்கு முன் பல ஆண்டுகள் அவர் நகர மன்றத்தின் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். கொட்டாவி வரவைக்கும் கூட்டங்களில் அத்தனை காலம் உட்காரப் பொறுமை இருந்தால்தான் இந்த வேலைக்கு வரலாம். அதே ஸ்பெயினின் வடக்கில் இருக்கும் பில்பாவோ நகரத்தையும் பார். 1997இல் குகன்ஹைம் அருங்காட்சியகம் வந்ததும் ஊர் தலையெடுத்துவிட்டது என்று எல்லோரும் அதே மாதிரி ஒன்று கட்ட ஓடினார்கள். அதற்கு முன்பே ஆற்றில் சாக்கடை கலப்பதைத் தடுக்கும் வேலையை அந்த ஊர் தொடங்கியிருந்தது, 1995இல் மெட்ரோவும் ஓடத் தொடங்கியிருந்தது. சாக்கடையைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள் குறைவு.

சிறு நகரத்தில் ஒரு வசதி, மேயரைத் தெருவிலேயே பிடித்துப் பேசிவிடலாம். சிரமமும் அதுவேதான். இன்று கூட்டத்தில் யாரைக் கிழித்துத் தோரணம் கட்டினாயோ, நாளைக் காலை அதே ஆள் எதிரே நடந்து வருவார். பெருநகரத்தில் எதிராளியை மறுபடி பார்க்காமலே காலத்தை ஓட்டிவிடலாம், அங்கே முடியாது. அதனால் மறுநாள் முகம் பார்த்து வணக்கம் சொல்கிற அளவுக்கு மிச்சம் வைத்துச் சண்டை போடு. அப்புறம், நீ வந்தவன். ஊர்க்காரர்கள் பழகிப்போனதால் கவனிக்காத அழகு உன் கண்ணில் படும், உண்மைதான். ஆனால் எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் தேங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். முதல் சில கூட்டங்களில் பேசாமல் கேள்.

எதைக் கேட்பது என்றும் சொல்லிவிடுகிறேன். பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றும் பேச்சு இருக்கிறதா? புறவழிச்சாலை எந்தப் பக்கம் வருகிறது, அதை ஒட்டிய நிலத்தில் என்ன கட்ட அனுமதி? பேருந்து நிலையமும் பள்ளியும் அலுவலகங்களும் ஒவ்வொன்றாக வெளியே போனால், நீ நடந்தே முடிக்கும் வேலைகளும் அவற்றோடு போய்விடும். அந்தச் சாலையின் வரைபடம் கைக்குக் கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்