கணக்கு எப்போதும் சரியாகவே இருந்தது: திருகோணமலை முதலாளிமாருக்கும் முகாமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

திருகோணமலையில் கடை, கம்பனி, ஹோட்டல், தனியார் வைத்தியசாலை என்று எதை நடத்தினாலும், நாலு பேருக்காவது மாதச் சம்பளம் கொடுக்கிற ஐயாமார், அம்மாமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் இந்த நகரத்தில், கடன் கொடுத்துத் தவணையில் அறவிடுகிற ஒரு லீசிங் கம்பனிக் கிளையில் ஒன்பது வருடம் காசாளராக இருந்தவள். இப்போது வீட்டிலிருந்தபடி நாலைந்து சிறிய கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அந்தக் கம்பனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "அது அவங்கட பிரச்சினை" என்று மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் காசை எண்ணியபோது 2,000 ரூபாய் குறைந்தது. மூன்று தரம் எண்ணிவிட்டு முகாமையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து வந்து, கையெழுத்துக்காகக் காத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு முன்னாலேயே என் கைப்பையை வாங்கிக் கவுண்டரில் கொட்டினார். சீப்பு, பஸ் டிக்கட், பிள்ளைக்கு வாங்கிய இருமல் பாணிப் போத்தல் எல்லாம் உருண்டன. காசு இல்லை. திங்கட்கிழமை காலையில் மட்கோ என்ற பகுதியிலிருந்து ஒரு ஐயா வந்து, மிச்சக் காசு கூடுதலாகத் தந்துவிட்டீர்கள் பிள்ளை என்று 2,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். முகாமையாளர் அதை வாங்கி எண்ணிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஏழு வருடம் என் மேசையில் ஒரு சதம்கூடக் குறையவில்லை. குறைந்த நாளெல்லாம் என் பேர்ஸிலிருந்து எடுத்துப் போட்டேன். கூடின நாளில் அதை ஒரு கடித உறைக்குள் வைத்து, அடுத்த முறை குறையும்போது எடுத்தேன். தலைமையகத்திலிருந்து கணக்காய்வுக்கு வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் "மிஸ்ஸின்ட கணக்கு நல்ல சுத்தம்" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அது பொய்க் கணக்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இதைத்தான். ஏசினால்தான் வேலை நடக்கும் என்று உங்களில் பலர் உண்மையாகவே நம்புகிறீர்கள். பயந்த ஆள் வேலையைக் கவனமாகச் செய்வான் என்று நினைக்கிறீர்கள். பயந்த ஆள் கவனமாகச் செய்வது ஒன்றுதான்: உங்களிடமிருந்து மறைப்பது.

எங்கள் கிளையில் மூதூர்ப் பக்கம் நிலுவை அறவிடப் போகிற ஒரு பொடியன் இருந்தான். இருபத்துநாலு வயது, மோட்டார் சைக்கிளும் கம்பனியுடையது. தினமும் காலை எட்டேகாலுக்குக் கூட்டம். முதல்நாள் டார்கெட் குறைந்தவர்கள் தேநீர் நேரம் வரைக்கும் நின்றுகொண்டே இருக்கவேண்டும். இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப் குழுவில் பெயர்ப் பட்டியல் வரும். குறைந்தவர்களின் பெயர் சிவப்பில் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று தொடங்கினால் மீன்பிடிக் குடும்பங்களுக்குக் கடல் இல்லை, வருமானம் இல்லை, தவணையும் வராது. இது திருகோணமலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். டார்கெட் மட்டும் மாறாது.

முதல் மாதம் அவன் தன் சம்பளத்திலிருந்து போட்டு நிரப்பினான். அடுத்த மாதம் ஒருவர் முற்கூட்டிக் கட்டிய காசை இன்னொருவரின் நிலுவைக்குப் போட்டான். பிறகு அதை மூட வேறொருவரின் காசு. ஏழாவது மாதம் பிடிபட்டபோது 3 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்.

எனக்கு மூன்றாம் மாதமே விளங்கிவிட்டது. பற்றுச்சீட்டில் இருந்த திகதியும் காசு என் கைக்கு வந்த திகதியும் ஒத்துவரவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் நாற்பதாயிரத்தோடு முடிந்திருக்கும், அவனுக்கு வேலையும் மிஞ்சியிருக்கும். நான் சொல்லவில்லை. கவுண்டரில் உருண்ட அந்த இருமல் பாணிப் போத்தல்தான் கண்ணுக்குள் நின்றது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் எப்படி எடுத்தாய் என்று இரண்டு நாள் கேட்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனை நிறுத்திவிட்டு, அடுத்த திங்களிலிருந்து இன்னொரு பொடியனை அதே இடத்தில் நிற்க வைத்தார்கள்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய கதை அல்ல. 1990களில் எமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் அமெரிக்க வைத்தியசாலைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் விடுதிகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். பதிவேட்டில் அங்கேதான் பிழை கூடுதலாக இருந்தது. தேடிப் பார்த்தபோது, அந்த விடுதிகளில் தாதிமார் பயமில்லாமல் பிழையைச் சொல்கிறார்கள், மற்ற இடங்களில் மூடிவிடுகிறார்கள் என்பது தெரியவந்தது. எங்கள் கிளையில் மறைந்தது வெறும் காசு. வைத்தியசாலை நடத்துகிறவர்கள் தயவுசெய்து இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.

வீட்டுக்கு என்ன வந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஞாயிறு பின்னேரங்களில் பிள்ளைகளோடு டச்பே கடற்கரைக்குப் போவோம். அவர்கள் கடலை வாங்கிக்கொண்டு தண்ணீர்க்கரையில் ஓடுவார்கள். பொழுது சாயத் தொடங்கியதும் எனக்கு நெஞ்சு படபடக்கும், வயிறு பிசையும். திங்கட்கிழமையை நினைத்து அல்ல, எட்டேகாலை நினைத்து. இரவில் போன் ஒலித்தாலே என் சின்ன மகள் "அம்மா, சிவப்பா?" என்று கேட்பாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பட்டியல் என்னவென்று தெரிந்திருந்தது.

முகாமையாளரை நான் பேயாகக் காட்ட விரும்பவில்லை. தலைமையகத்திலிருந்து அழைப்பு வந்தால் அவர் கை நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். மேசை லாச்சிக்குள் பிரஷர் மாத்திரை வைத்திருந்தார். காலை ஏழரைக்கு வந்து இரவு எட்டு மணிக்குப் போவார், கிழமையில் ஆறு நாள். வாரத்துக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து, 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்கிறவர்களைவிட 35 வீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் அமைப்பும் 2021இல் சொல்லின. அவருடைய கணக்கு 75. மேலேயிருந்து அவருக்கு விழுந்த ஏச்சைத்தான் அவர் எங்களுக்குப் பங்கிட்டுத் தந்தார். கொழும்பில் இருந்துகொண்டு டார்கெட் போடுகிறவர்களும் இந்த மடலை வாசித்தால் நல்லது.

இப்போது கலியாண வீடுகளில் உங்களைச் சந்தித்தால் ஒரே கதை: ஆள் கிடைக்குதில்லை. உண்மைதான். 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வேலைக்காக இந்த நாட்டைவிட்டுப் போனார்கள். எல்லாரும் டொலருக்காகப் போனார்கள் என்கிறீர்கள். உப்புவெளியில் சமையல் வேலை பார்த்துவிட்டு மாலைதீவுக்குப் போன என் உறவுக்காரத் தம்பியிடம் கேட்டேன். சம்பளத்தைப் பிறகுதான் சொன்னான். முதலில் சொன்னது, "அக்கா, இங்க ஒருத்தரும் தாயைச் சொல்லி ஏசமாட்டாங்க." மே முதல் செப்டெம்பர் வரை சுற்றுலா சீசன் என்றால் பதினாலு மணித்தியாலம் நிற்பதற்கு அவன் பின்வாங்கியதே இல்லை. அமெரிக்காவில் 2022இல் வெளியான ஓர் ஆய்வும், ஆட்கள் வேலையைவிட்டுப் போவதற்குச் சம்பளத்தைவிட நச்சுத்தன்மையான வேலைச்சூழல் பத்து மடங்குக்கும் மேல் வலுவான முன்னறிகுறி என்று கண்டது. தம்பி அந்த ஆய்வை வாசித்திருக்கமாட்டான்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதம், நாங்கள் 8 வீதம்; ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம். இதைக் கட்டாமல், கேட்கிற பிள்ளையை "விருப்பமில்லாட்டி போ" என்று சொல்கிற இடங்கள் இந்த நகரத்தில் உண்டு. பாலியல் தொந்தரவு 1995ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். மனதுக்கு விளைவிக்கிற தீங்கும் வேலைத்தல வன்முறையில் அடங்கும் என்று 2019இல் சர்வதேச தொழில் அமைப்பு தன் 190ஆவது சமவாயத்தில் எழுதிவைத்தது. ஆனால் சட்டம் உங்கள் எட்டேகால் கூட்டத்துக்குள் வந்து நிற்காது. அங்கே நீங்கள்தான் நிற்கிறீர்கள்.

ஆகவே கேட்கிறேன். ஆட்களுக்கு முன்னால் ஏசுவதை நிறுத்துங்கள். பிழை இருந்தால் அறைக்குள் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இரவுப் பட்டியலை நிறுத்துங்கள். மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் டார்கெட் போடும்போது வாடைக் காற்றையும் கணக்கில் எடுங்கள். காசாளரின் மேசையில் ஒரு கொப்பி வையுங்கள். அன்றைக்குக் குறைந்ததை அன்றைக்கே எழுதினால் தண்டனை இல்லை என்று உங்கள் கையெழுத்தோடு முதல் பக்கத்தில் எழுதுங்கள். முகாமையாளரே பிரச்சினை என்றால் யாரிடம் போவது என்று ஒரு பெயர் சுவரில் இருக்கட்டும். அதன் கீழே தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

அந்தப் பொடியன் இப்போது தன் ஊரில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். கம்பனிக் காசை மாதாமாதம் கட்டி முடித்துவிட்டான். போன தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். "மிஸ், நீங்க சொல்லியிருந்தாலும் அவங்க உங்களையும்தான் நிறுத்தியிருப்பாங்க" என்றான். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை.

நாளைக்குக் காலையில் உங்கள் காசாளரிடம், கடைசியாக எப்போது காசு குறைந்தது என்று கேட்டுப் பாருங்கள். "ஒருநாளும் இல்ல சேர்" என்று பதில் வந்தால் உடனே பாராட்டிவிடாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பிள்ளையை உட்கார வைத்து, இன்னொரு தரம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் காசாளர்,
திருகோணமலை.