கேம்கியூப்பைத் தோல்வி என்று எழுதலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

டி.வி.யில் இணைத்து ஆடும் பழைய கேம் கன்சோல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உழைத்து எழுதிய கட்டுரைதான். ஆனால் நிண்டெண்டோ கேம்கியூப்பைத் தோல்வியடைந்த இயந்திரம் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

விற்பனைக் கணக்கை நான் மறுக்கவில்லை. 2001-இல் வந்த கேம்கியூப் உலகம் முழுக்க விற்றது சுமார் 2 கோடியே 17 லட்சம். அதே காலத்தில் சோனி விற்ற பிளேஸ்டேஷன் 2, 15 கோடியைத் தாண்டியது. களத்துக்குப் புதிதாக வந்த மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ்கூட கேம்கியூப்பைவிடச் சற்றுக் கூடுதலாக விற்றது. 2003-இல் சரக்கு தேங்கியதால் நிண்டெண்டோ கொஞ்ச காலம் உற்பத்தியையே நிறுத்திவைத்தது. அமெரிக்காவில் 199 டாலருக்கு அறிமுகமான பெட்டி, இரண்டு வருடம் முடிவதற்குள் 99 டாலருக்கு இறங்கியது.

ஏன் விற்கவில்லை என்பதுதான் கேள்வி. பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் ஒன்றரை வருடம் முன்னதாகவே வந்து இடம் பிடித்துவிட்டது, அதில் டி.வி.டி. படமும் பார்க்கலாம். கேம்கியூப்பின் 8 செ.மீ. குட்டி டிஸ்க்கில் 1.5 ஜி.பி.தான் கொள்ளும், படம் போட வழியில்லை. வெளி நிறுவனங்களின் பெரிய கேம்கள் பல அதற்கு வரவேயில்லை. இவை எல்லாமே வியாபார முடிவுகள். பெட்டி பழுதானதால் யாரும் அதை ஒதுக்கவில்லை.

என் கேம்கியூப் இருபது வருடங்களுக்கு மேலாக ஓடுகிறது. பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்து அதை எத்தனையோ நண்பர்கள் வீட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறேன். ஒருமுறை மேசையிலிருந்து தரையில் விழுந்தது. எடுத்து வைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தோம். இது அதிர்ஷ்டம் இல்லை, அமைப்பு அப்படி. மேல்மூடியைத் திறந்து டிஸ்க்கை வைத்து மூடினால் போதும். வெளியே நீண்டு உள்ளே போகும் தட்டு கிடையாது, அதற்கான மோட்டாரும் பல்சக்கரமும் கிடையாது. கரன்ட்டை மாற்றிக் கொடுக்கும் அடாப்டர் பெட்டிக்கு வெளியே இருப்பதால் அதன் சூடு உள்ளே சேர்வதில்லை. ஹார்ட் டிஸ்க் இல்லை. ஆட்டத்தின் சேமிப்பெல்லாம் மெமரி கார்டில்.

வயதானால் இரண்டு குறைகள் வரும். டிஸ்க்கைப் படிக்கும் லேசர் மங்கும். உள்ளே இருக்கும் கடிகார பேட்டரி தீர்ந்து, போடும்போதெல்லாம் தேதியும் நேரமும் கேட்கும். அப்போதும் கார்டில் சேமித்தது அழியாது. (கடிகாரத்தை நம்பி நடக்கும் அனிமல் கிராசிங் ஆடுபவர்களுக்கு மட்டும் இது பெரிய தொல்லை.) இரண்டையுமே சரிசெய்யலாம்.

அடுத்த தலைமுறையில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-ஐப் பாருங்கள். பழுதைக் காட்டும் சிவப்பு விளக்கு வளையம் எரிந்து செத்துப்போன பெட்டிகள் அத்தனை வந்ததால், 2007-இல் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை 3 வருடமாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க நேர்ந்தது. அந்தக் கன்சோல் 8 கோடிக்கும் மேல் விற்றது. விற்பனையை மட்டும் அளவுகோலாக வைத்தால் அது வெற்றி, கேம்கியூப் தோல்வி. வாங்கிய பெட்டி கண்ணெதிரே செத்ததைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா?

வியாபாரத்திலும் கேம்கியூப்பின் கதை 2007-இல் உற்பத்தி நின்றதோடு முடியவில்லை. அதன் பிராசஸரை மேம்படுத்தித்தான் நிண்டெண்டோவின் அடுத்த கன்சோலான வீ (Wii) உருவானது; அது 10 கோடிக்கு மேல் விற்றது. முதலில் வந்த வீ பெட்டிகளில் கேம்கியூப் டிஸ்க்கும் ஓடும். ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ என்ற கேம்கியூப் சண்டை ஆட்டத்தின் போட்டிகளில் இன்றும் கேம்கியூப் கன்ட்ரோலர்தான் கையில். 2025-இல் ஸ்விட்ச் 2 என்ற புதிய கன்சோல் வந்தபோது நிண்டெண்டோ அதே வடிவக் கன்ட்ரோலரை வயர்லெஸ்ஸாகச் செய்து, கேம்கியூப் ஆட்டங்களைச் சந்தாவில் மறுபடி கொண்டுவந்தது.

ஒரு வேண்டுகோள். அடுத்து கன்சோல்களை ஒப்பிட்டு அட்டவணை போடும்போது, விற்பனை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எந்தப் பெட்டியில் எது பழுதாகும், அதை எப்படிச் சரிசெய்யலாம் என்பதையும் எழுதுங்கள். கேம்கியூப்பின் திருகுகள் சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கு அசையாது, 4.5 மி.மீ. கேம்பிட் என்ற தனிவகைத் திருப்புளி வேண்டும். அது தெரியாமல் நெம்பித் திறக்கப் பார்த்து உடைந்த பெட்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்