இரவில் மங்கும் உன் நகரத்து வானொலி

அன்பு நண்பா,

வணக்கம். உன் கடிதம் சென்ற வாரமே கைக்கு வந்துவிட்டது. வீட்டில் அனைவரும் நலம் என்று எழுதியிருந்தாய், இங்கும் நலமே. நீ கேட்டிருந்த இரண்டு கேள்விகளுக்கும் என் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுப் பதில் எழுத நினைத்ததால் சில நாட்கள் தாமதமாகிவிட்டது.

சிறிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். புதிதாக வாங்கிய டிஜிட்டல் ரேடியோவில் மத்திய அலை (மீடியம் வேவ்) நிலையங்கள் பெரும்பாலும் கரகரப்பாகவே கேட்கின்றன, ஒன்றிரண்டு மட்டும் தெளிவாக இருக்கின்றன என்று வருந்தியிருந்தாய். ரேடியோவில் பழுது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மத்திய அலையில் நிலையங்களுக்கு இடையே அமெரிக்கக் கண்டங்களில் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியும், உலகின் மற்றப் பகுதிகளில் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியும் வைத்திருக்கிறார்கள். நம் பகுதியின் ஒன்பது கணக்கில் 531 முதல் 1602 வரை 120 அலைவரிசைகள் வருகின்றன. உன் ரேடியோ பத்துப் பத்தாகத் தாவிக்கொண்டிருந்தால் 540, 630, 720 என்று 90 கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறை வரும் எண்களில் மட்டுமே நிலையத்தின் மீது சரியாக நிற்கும். மற்ற இடங்களில் ஓரத்தில் நின்று கரகரக்கும். பல ரேடியோக்களில் பின்புறத்திலோ பேட்டரி போடும் அறைக்குள்ளோ 9, 10 என்று குறித்த ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அதை 9 பக்கம் தள்ளிவிட்டு மறுபடியும் கேட்டுப் பார்.

இனி, பெரிய கேள்விக்கு வருகிறேன். உலகின் எந்த மூலையில் இருக்கும் நிலையமும் கைபேசியில் தொட்டவுடன் பாடுகிற காலத்தில், 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் என் நகரத்து நிலையத்தைப் பிடிக்க இரவெல்லாம் ஏன் முள்ளைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டிருந்தாய். உன் நகரத்து நிலையம்தான் எனக்கு எல்லாவற்றிலும் கடினமானது என்பதை நீ நம்பமாட்டாய். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு வலுவான நிலையம் இரவு ஒன்பது மணிக்கு என் மேசையில் தெளிவாகப் பேசும்போது, பக்கத்து நகரத்து நிலையம் மூச்சுத் திணறுவது போல வந்து வந்து மறைகிறது.

இதன் காரணம் தெரிந்த பிறகுதான் எனக்கு இந்தப் பழக்கத்தின் மீது உண்மையான பற்று உண்டானது. மத்திய அலை இரண்டு வழிகளில் பயணம் செய்கிறது. ஒன்று, தரையை ஒட்டியே ஊர்ந்து வருவது. ஈரமண்ணும் கடலும் அதற்கு நல்ல பாதை; காய்ந்த பாறை நிலம் அதை விரைவில் உறிஞ்சிவிடும். மற்றொன்று வானத்தை நோக்கிப் புறப்படுவது. பகலில் சூரிய ஒளியால் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உருவாகும் அயனி அடுக்கு, அதாவது மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு ஒன்று இந்த இரண்டாவது அலையை விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோக, அதற்கு மேலே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அடுக்கை எட்டும் அலை அங்கிருந்து வளைந்து கீழே இறங்குகிறது. மிகத் தொலைவில் இருப்பவனுக்கு வான்வழி அலை மட்டுமே கிடைக்கும். நிலையத்துக்கு அருகில் இருக்கும் உனக்குத் தரைவழி அலையே போதும். எனக்கோ இரண்டும் ஏறக்குறைய ஒரே வலுவுடன் வந்து சேர்கின்றன. அவை ஒத்துப்போகும்போது குரல் ஓங்கி ஒலிக்கிறது. எதிரெதிராக நிற்கும்போது ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. 1000 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 300 மீட்டர்தான். அதனால், அந்த மேலடுக்கு நூறு மீட்டர் அளவுக்கு ஏறினாலோ இறங்கினாலோ போதும், ஓங்கிய குரல் காணாமல் போய்விடும்.

போன மாதத்தில் ஒரு மாலையை மட்டும் குறிப்பேட்டிலிருந்து சொல்கிறேன். பிற்பகல் மூன்று மணிக்கு உன் நகரத்து நிலையம் மெல்லியதாக, ஆனால் ஆட்டமே இல்லாமல் கேட்டது. தலையணைக்குப் பக்கத்தில் வைத்துச் செவியை ஒட்டிக் கேட்டால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை மாற்றம் இல்லை. அதன் பிறகு குரல் மெதுவாகப் பெருகியது. பகலில் ஒருபோதும் கேட்காத அளவுக்கு வலுத்தது. நான் மகிழ்ந்து ஒலியைக் குறைத்த அடுத்த நிமிடத்தில் அது தாழ்ந்து, வார்த்தைகள் நொறுங்கி, பின்னணி இரைச்சலுக்குள் முழுவதுமாக மூழ்கியது. ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கழித்து மீண்டும் எழுந்தது. மங்கும் நேரத்தில் ஒலி வெறுமனே குறைவதில்லை, சிதைகிறது. பாடகியின் குரல் கிழிந்த துணியைப் போலப் பிசிறு பிசிறாகப் போகிறது. ஏனென்றால், நிலையத்தின் அலைவரிசைக்குள்ளேயே எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் மங்குவதில்லை. ஒன்று அழியும் நொடியில் பக்கத்தில் உள்ளது பிழைத்திருக்கும்.

இந்த மங்கலைத்தான் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் எட்வர்ட் ஆப்பிள்டன் என்ற இயற்பியலாளர் கவனித்தார். கேம்பிரிட்ஜில் இருந்துகொண்டு, லண்டனிலிருந்து வந்த பிபிசி ஒலிபரப்பின் வலிமையை அளந்தபோது, பகலில் நிலையாக இருந்த அளவு இரவில் ஏறி இறங்குவதைக் கண்டார். அவரும் பக்கத்து நகரத்து நிலையத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எத்தனை மகிழ்ச்சி தருகிறது தெரியுமா? தரைவழி அலையோடு மேலிருந்து வரும் மற்றொன்று மோதுகிறது என்றால், அலைவரிசையைச் சிறிது சிறிதாக மாற்றி, எத்தனை முறை ஒலி ஏறி இறங்குகிறது என்று எண்ணினால் மேலே இருக்கும் அடுக்கின் உயரம் தெரிந்துவிடும் என்று கணக்கிட்டார். 1924 டிசம்பர் 11 அன்று இரவு, போர்ன்மத்தில் இருந்த பிபிசி ஒலிபரப்பியின் அலைவரிசையை மாற்றிக்கொண்டிருக்க, அவரும் அவருடைய மாணவர் மைல்ஸ் பார்னெட்டும் ஆக்ஸ்போர்டில் இருந்து அதைக் கேட்டார்கள். அப்படி ஒரு அடுக்கு இருக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று கிடைத்தது அன்றுதான். 1947இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. எரிச்சல் பட்டு ரேடியோவை அணைத்துவிடாமல், ஏன் மங்குகிறது என்று கேட்டவர் அவர்.

பிடிக்கும் வித்தையில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது ரேடியோவைத் திருப்புவது. மத்திய அலைக்கான ஆன்டெனா வெளியே நீளும் கம்பியில் இல்லை. பெட்டிக்குள் கிடையாகப் படுத்திருக்கும், செம்புக் கம்பி சுற்றிய கறுப்பு ஃபெரைட் தண்டுதான் அது. தண்டின் முனை எந்த நிலையத்தை நோக்குகிறதோ அந்த நிலையம் அமுங்கிவிடும். தண்டு குறுக்காக நின்றால் நன்றாக எடுக்கும். நன்றாக எடுக்கும் திசை அகலமானது, அமுங்கும் திசையோ ஊசி முனையளவு. எனவே உன் நிலையத்தை நோக்கித் திருப்புவதைவிட, அதை மறைக்கும் உள்ளூர் நிலையத்தை நோக்கித் தண்டின் முனையை நிறுத்துவதே பலன் தருகிறது. இரண்டு விரல்களால் பெட்டியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பும்போது, உள்ளூர் அறிவிப்பாளரின் குரல் சட்டென்று அடங்கி, அதன் அடியிலிருந்து உன் நகரத்துக் குரல் வெளியே வரும் அந்த நொடியை நீ ஒருமுறை கேட்க வேண்டும். மேசையில் அந்தக் கோணத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

வளைய ஆன்டெனா ஒன்றையும் செய்தேன். அறுபது சென்டிமீட்டர் மரச்சட்டத்தில் பன்னிரண்டு சுற்றுக் கம்பி, அதன் இரு முனைகளுக்கும் நடுவே பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஒரு கேங் கண்டென்சர் (நிலையம் மாற்றத் திருகும் பாகம்); அவ்வளவுதான். ரேடியோவுடன் எந்தக் கம்பியும் இணைக்க வேண்டியதில்லை, பக்கத்தில் வைத்து கண்டென்சரைத் திருகினாலே நிலையம் வீங்கி எழுகிறது. முதல் வாரம் ஏமாற்றமாகவே கழிந்தது. வளையம் சிக்னலோடு சேர்த்து ஒரு கொடிய ரீங்காரத்தையும் பெருக்கிக் கொடுத்தது. மூன்று நாட்கள் கம்பியையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் மின்சாரம் நின்றபோது ரீங்காரமும் நின்றது. மலிவான ஒரு கைபேசி சார்ஜர்தான் காரணம். கைபேசி செருகப்படாமல் சுவரில் சும்மா தொங்கிக்கொண்டே இரைந்திருக்கிறது. நீயும் முதலில் வீட்டு சார்ஜர்களையும் எல்இடி விளக்குகளையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்.

பண்பலையைப் பற்றி நீ கேட்கவில்லை என்றாலும் ஒரு சொல். அது அடிவானத்தைத் தாண்டி அதிகம் வளையாது. நூறு மீட்டர் கோபுரத்திலிருந்து பத்து மீட்டர் உயர மாடிக்கு 55 கிலோமீட்டர் வரைதான் நேர்வழி எட்டும். ஆனால் காற்றில்லாத விடியற்காலையில், குளிர்ந்த காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று படர்ந்து கிடக்கும்போது அலை அந்த வெதுவெதுப்பான காற்றுக்குக் கீழே சிக்கி வெகுதூரம் ஓடிவருகிறது. இந்த ஆண்டில் நான்கு முறை உன் நகரத்துப் பண்பலை நிலையம் மொட்டை மாடியில் ஸ்டீரியோவிலேயே கேட்டது. வெயில் ஏறத் தொடங்கியதும் சுவடின்றிப் போய்விட்டது.

கைபேசியில் கேட்டால் என்ன என்ற உன் கேள்விக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி விடையளிக்கிறேன். இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு மாலை உன் நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது இடையிடையே சடசடவென்று வெடிப்பொலி வந்தது. இங்கே வானம் தெளிவாக இருந்தது. வளையத்தைத் திருப்பினேன்; உன் நிலையம் அமுங்கும் அதே கோணத்தில் அந்த வெடிப்பும் அமுங்கியது. மின்னல் உன் நகரம் இருக்கும் அதே கோட்டில் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். வளையம் அந்தக் கோட்டை மட்டும்தான் சொல்லும், முன்பக்கமா பின்பக்கமா என்பதையோ தூரத்தையோ சொல்லாது. ஆனால் பத்து நிமிடங்களில் உங்கள் அறிவிப்பாளர் நகரின் பல பகுதிகளில் இடியுடன் மழை என்று படித்தார். அந்த நேரத்தில் நீ ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருப்பாய் என்று எண்ணினேன். கைபேசியில் அந்த நிகழ்ச்சி மட்டும்தான் வந்திருக்கும். நமக்கு இடையே இருக்கும் 150 கிலோமீட்டர் நிலமும் அதன் மேல் இருந்த மின்னலும் வந்திருக்காது. நீ இந்த ஊரை விட்டுப் போன பிறகு உன் நகரத்து நிலையத்தைத் தேடத் தொடங்கியவன் நான் என்பது உனக்குத் தெரியும்.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை அந்த நிலையத்தை நீ உன் வீட்டில் கேட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ன ஒலிபரப்பாகிறது என்று ஒரு வரி எழுதிவை. உனக்கு அது ஒரே சீராகக் கேட்கும். நான் இங்கே அதே நேரங்களில் ஒலி எவ்வளவு இருந்தது, எப்போது முதலில் ஆடத் தொடங்கியது, எந்தச் சொல்லில் மறைந்தது என்று எழுதிவைக்கிறேன். கடிகாரத்தை மட்டும் அன்று மாலை மணிச் செய்தியின் தொடக்கத்தோடு சரிபார்த்துக்கொள். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு மிகுந்த ஆவல். உன் தாளைத் தபாலில் அனுப்பு; 9 பக்கம் தள்ளிய பிறகு உன் புது ரேடியோ எப்படி இருக்கிறது என்பதையும் அதனுடன் எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்