ரசீதுப் பெட்டியும் நீயும்

மாப்ளே,

பத்து வருஷமாக "அடுத்த மாசம் விட்டுடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நிஜமாகவே வேலையை விட்டுவிட்டாய் என்று படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. சரி, கேட்டதற்கு வருகிறேன். ஒப்பந்த வேலைக்கான பில், வரி, கணக்கு எல்லாவற்றையும் நானே பார்க்கவா, ஆடிட்டரிடம் விடவா, இல்லை நடுவில் ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்ளவா என்கிறாய்.

மூன்றாவதை உடனே முடித்துவிடலாம். உன் வேலைக்கு அவர்களே பில் போட்டு, வரி பிடித்து, தங்கள் கட்டணத்தையும் எடுத்துக்கொண்டு மீதியைச் சம்பளமாகத் தருவார்கள். ஆறு மாசம் பார்த்துவிட்டுப் பழையபடி வேலைக்கே போகிறவனுக்கு அது போதும். நீ அப்படித் திரும்புகிற ஆள் இல்லை.

நான் முதல் வருஷம் எல்லா ரசீதையும் ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். கடைசியில் திறந்தால் பாதி வெறும் வெள்ளைத் தாள். மெஷினில் வருகிற அந்த வழவழ ரசீதில் மையே கிடையாது, தாளில் பூசிய ரசாயனம் சூட்டில் கறுப்பாகிறது, அவ்வளவுதான். வெயிலும் வெக்கையும் பட்டுக் கொஞ்ச நாள் போனால் எழுத்து மறைந்துவிடும். லேப்டாப் வாங்கிய ரசீதை ஜன்னலோரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததில் 'மொத்தம்' என்ற வார்த்தை மட்டும் தெரிந்தது, தொகையைக் காணோம். இப்போதெல்லாம் கையில் வாங்கியதுமே போனில் படம் எடுத்து, தேதியும் தொகையும் போட்டு அதற்குப் பெயர் வைத்துவிடுகிறேன்.

அதைவிடப் பெரிய அடி பில்லில் விழுந்தது. 30 நாளில் பணம் என்று ஒப்பந்தம். நானும் நல்ல பிள்ளையாக 30 நாள் காத்திருந்து 31-ஆம் நாள் போன் செய்தால், பில்லில் பி.ஓ. நம்பர், அதாவது வேலை கொடுக்கும்போது அவர்கள் போடும் ஆர்டர் எண், இல்லையாம், அதனால் அது யார் மேசைக்கும் போகவே இல்லையாம். திருத்தி அனுப்பினேன், புதுத் தேதியிலிருந்து மறுபடியும் 30 நாள்! அதனால் வேலை ஆரம்பிக்கும் முன்பே பில்லில் என்னென்ன இருக்க வேண்டும், யாருக்கு அனுப்ப வேண்டும், அந்த 30 நாள் எந்தத் தேதியிலிருந்து ஓடும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். பில் நம்பர் வரிசை விட்டுப் போகக் கூடாது, ரத்து செய்த பில்லையும் 'ரத்து' என்று எழுதிக் கோப்பிலேயே வை.

என்னைக் கேட்டால், அன்றாடக் கணக்கு உன் கையில், வருஷாந்திர வரி ஆடிட்டர் கையில். அவருக்கு வரிச் சட்டம் தெரியும், ஆனால் நாலு மாசம் முன்னால் வந்த ஒரு தொகை முன்பணமா பழைய பாக்கியா என்பது உனக்குத்தான் தெரியும், வருஷம் முடிந்து கேட்டால் உனக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். இரண்டு மூன்று வாடிக்கையாளருக்கு ஒரு எக்ஸெல் ஷீட் தாராளம், மாசக் கட்டணம் கட்டி மென்பொருள் வாங்குவதெல்லாம் அப்புறம். ஆனால் ஆடிட்டரை வருஷக் கடைசியில் போய்ப் பார்க்காதே, முதல் பில் போடும் முன்பே பார். சொந்தப் பெயரிலேயே செய்யலாமா, கம்பெனி பதிய வேண்டுமா, எந்தக் காகிதத்தை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று அப்போதே கேட்டுவிடு.

இந்த வரவு செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றும் திற. சம்பளத்தில் வரி போக மீதிதான் கைக்கு வரும், இங்கே வரி முழுசாகப் பிடிக்காமலே பணம் வந்து நிற்கும், எல்லாம் நம்முடையது போலவே இருக்கும். பணம் வந்த அன்றே வரிக்கானதை ஒதுக்கிவிடு. நான் ஒதுக்கவில்லை, கடன் வாங்கித்தான் கட்டினேன், யாரிடம் வாங்கினேன் என்று உனக்கே தெரியும்.

அறை வாடகைக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் எழுதியவன் நீ, பயப்பட ஒன்றுமில்லை. ஒப்பந்த நகல் வந்தால் கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்பு. பணம் தருவதைப் பற்றிய பத்தியை மட்டும் பார்த்துச் சொல்கிறேன், மீதியைப் படிக்க எனக்குப் பொறுமை கிடையாது.

உன் பழைய அறைத்தோழன்