சரிந்த மைதானத்தை மீட்க ஒரு கை கொடுங்கள்: நம் ஊர் உயர்நிலைப் பள்ளி மைதானக் குழுவின் வேண்டுகோள்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டொங்காட்டுக்கும் ஸ்டாங்கருக்கும் நடுவே, கரும்பு சூழ்ந்த நம் சிற்றூரில் படித்துவிட்டு இன்று டர்பன், ஜோகன்னஸ்பர்க், லண்டன், பெர்த் என்று பல திசையில் வாழும் எல்லோருக்கும் இதை எழுதுகிறோம். இதே கடிதம் இங்கிலீஷிலும் ஜூலுவிலும் வருகிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைந்துவிட்டார்கள். தெரிந்தவர்கள் வீட்டில் உள்ள ஆயா, தாத்தாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். இந்தக் கதையில் பாதி அவர்களுடையது.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் குவாசூலு-நேட்டாலில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டொங்காட்டில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையமே அடித்துப் போனதால் சனங்கள் மாதக்கணக்கில் வாளியோடு டேங்கர் லாரிக்குக் காத்து நின்றார்கள். நம் பள்ளியில் வகுப்பறைகள் தப்பின. மைதானத்தின் கீழ்க்கரை தப்பவில்லை. நீளம் தாண்டும் குழி இருந்த மூலை அப்படியே பெயர்ந்து ஓடைக்குள் இறங்கிவிட்டது. ஓடுபாதையின் ஒரு வளைவும் அதோடு போனது. அன்றிலிருந்து நம் பிள்ளைகளின் விளையாட்டு விழா இரவல் திடலில்தான் நடக்கிறது.

அந்த மைதானம் எப்படி வந்தது என்று இளையவர்களுக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் பின்னால் போகிறோம்.

1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து 342 பேரோடு 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் வந்து நின்றது. அதில் வந்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் ஐந்து வருட ஒப்பந்தத்தில், முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் கூலிக்குக் கரும்பு வெட்டினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது வந்த பதிலின் சாரம் இதுதான்: கட்டடத்தை நீங்கள் எழுப்புங்கள், மானியம் பிறகு வரும். நேட்டாலில் நம்மவர்களின் பழைய பள்ளிகளில் பெரும்பாலானவை இப்படி எழுந்தவை. டர்பனில் 1929-இல் திறந்த சாஸ்திரி கல்லூரிக்குக்கூடக் கட்டடப் பணம் நம் சனங்கள் திரட்டியதுதான். இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக இங்கே வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி ஊர் ஊராகப் போய்க் கேட்டார், மக்கள் கொடுத்தார்கள்.

நம் ஊருக்கு சாஸ்திரி வரவில்லை. கோவில் பக்கத்தில் இரண்டு தகரக் கொட்டகையில் பள்ளி தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் செங்கல் சுமந்தார்கள், பெண்கள் ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும்போதே உண்டியலும் வைத்தார்கள். இடம் போதாமல் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று பிளட்டூன் வகுப்பு நடந்தது. உயர்நிலை வகுப்புகள் வந்த பிறகு, பின்னால் இருந்த மலைச்சரிவைப் பெற்றோர்கள் மண்வெட்டியால் வெட்டிச் சமப்படுத்தினார்கள். முழு 400 மீட்டர் சுற்று அந்த இடத்தில் அடங்காது. 300 மீட்டர்தான் வந்தது. 400 மீட்டர் ஓட வேண்டுமென்றால் ஒரு சுற்றும் அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கும் ஓட வேண்டும். தொடங்கும் கோடு ஓரிடம், முடியும் கோடு வேறிடம். இந்தக் கணக்கில் பழகிய நம் பிள்ளைகள் பெரிய திடலுக்குப் போனால் வளைவில் வேகம் குறையாமல் திரும்புவார்கள். சின்ன வட்டத்தில் ஓடிய கால்களுக்குப் பெரிய வட்டம் நேர்கோடு மாதிரி.

காலணி கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பள்ளிக்குள் நான்கு வீடு (அதாவது அணி), நான்கு நிற ரிப்பன். தொடர் ஓட்டப் பயிற்சிக்குக் குச்சி வாங்கப் பணம் இல்லாமல் ஒரு சாண் கரும்பை வெட்டி வைத்துக்கொண்டார்கள். கரும்பு வெட்டும் பருவத்தில் காட்டைக் கொளுத்துவார்கள். கரிய சாம்பல் காற்றில் மிதந்து வந்து சுண்ணாம்புக் கோட்டின் மேல் விழும். வெள்ளைச் சட்டையோடு ஓடத் தொடங்கியவன் புள்ளிச் சட்டையோடு முடிப்பான். நம் தொடர் ஓட்டத்தின் நான்கு பேர் அணி, கரும்புத் துண்டில் பழகிய கையோடு, மாவட்டப் போட்டியில் நகரத்துப் பள்ளிகளை முந்தி வந்த நாளைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். கேட்டால் மூன்றாவது கைமாற்றம் எப்படி நடந்தது என்று எழுந்து நின்றே காட்டுவார்கள்.

உயரம் தாண்டிய நம் அக்கா ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1968-க்குப் பிறகு உலகம் முழுக்க முதுகு கீழே வரும்படி தாண்டும் ஃபாஸ்பரி முறை பரவியது. அதற்குக் கனத்த நுரை மெத்தை வேண்டும். நம்மிடம் இருந்தது ஆற்று மணல். மணலில் முதுகால் விழுந்தால் கழுத்து முறியும். அதனால் அவர் கடைசி வரை கத்தரிக்கோல் மாதிரி கால் வீசித்தான் தாண்டினார், அப்படியே ஜெயித்தார். மெத்தை இருந்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருப்பார் என்று அவருடைய ஆசிரியர் நெடுநாள் சொல்லிச் சொல்லி வருந்தினார்.

இந்த வெற்றிகள் எந்தத் தேசியப் பதிவேட்டிலும் இல்லை. நிறத்தைப் பார்த்துப் போட்டி நடந்த காலம் அது. நம் பிள்ளைகள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் நாட்டு அணியின் ஸ்பிரிங்பாக் சட்டை அவர்களுக்கு இல்லை. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே நடக்கும் கம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டமே எல்லா இனத்தாருக்கும் பெண்களுக்கும் அதிகாரபூர்வமாகத் திறந்தது 1975-இல்தான். 1973-இல் நிறம் பார்க்கும் போட்டிகளைப் புறக்கணித்த சாக்கோஸ் என்ற விளையாட்டு மன்றம் உருவாகி, "இயல்பில்லாத சமூகத்தில் இயல்பான விளையாட்டு கிடையாது" என்று அறிவித்தது. நம் ஆசிரியர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள். பிள்ளைகளுக்கு வந்திருக்கக்கூடிய சில வாய்ப்புகளை அதனால் விட்டார்கள். அது லேசான முடிவு இல்லை. பதினேழு வயதில் ஓடாத ஓட்டத்தை நாற்பதில் ஓட முடியாது. 1970-இல் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்ட நாடு 1992-இல் பார்சிலோனாவுக்குப் போனபோது, தேசிய ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தவர் நேட்டாலில் ஆசிரியராக இருந்த சாம் ராம்சாமி. அன்று தொலைக்காட்சி முன்னால் நம் ஊரில் எத்தனை பேர் அழுதார்கள்!

சரி, இப்போதைய நிலைக்கு வருவோம். இன்று பள்ளியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஜூலு பேசும் வீட்டுப் பிள்ளைகள். நம் தாத்தாக்கள் எந்த நிலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்களோ, ஏறக்குறைய அதே நிலையில் இவர்களுடைய பெற்றோர் அனுப்புகிறார்கள். இவர்களிலும் நல்ல ஓட்டக்காரர்கள் இருக்கிறார்கள். வகுப்பறைகளுக்கு இடையே உள்ள சிமெண்ட் நடைபாதையில் ஓடிப் பழகுகிறார்கள். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருகிறார்கள். "இது நம் பள்ளி இல்லையே இப்போது" என்று ஒரு சிலர் எங்களிடம் சொன்னார்கள். எங்களுக்கு அந்த வார்த்தை வலித்தது. செங்கல் சுமந்தவர்கள் எந்தப் பிள்ளை உள்ளே வரலாம் என்று எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

கல்வித் துறை தரும் ஆண்டுப் பணம் புத்தகம், மின்சாரம், சிறு பழுதோடு தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் வேண்டியதைத் திரட்டுவது நிர்வாகக் குழுவின் பொறுப்பு என்று 1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம் சொல்கிறது. அதனால்தான் உங்களிடம் வருகிறோம்.

முதல் வேலை கீழ்க்கரை. கம்பி வலைக்கூட்டுக்குள் கல் அடுக்கி எழுப்பும் தடுப்புச் சுவர் வேண்டும். அதற்குப் பின்னால் தண்ணீர் வடிய மண்ணுக்கடியில் குழாய் வேண்டும். குழாயை மிச்சம் பிடித்தால் அடுத்த பெருமழைக்குச் சுவரும் போய்விடும், அதில் மட்டும் கை வைக்க மாட்டோம். செலவில் பெரும்பகுதி இந்த இரண்டும்தான். அப்புறம் மண் நிரப்பிச் சமன் செய்து கிக்குயு புல், நீளம் தாண்டும் குழி, உயரம் தாண்ட ஒரு நல்ல நுரை மெத்தை. அந்த அக்காவே வந்து மெத்தையைத் திறந்து வைக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை, அவரிடமும் சொல்லிவிட்டோம்.

குளிர்காலத்தில் மழை குறைவு. மே முதல் ஆகஸ்ட் வரை மண் வேலை செய்யலாம், அக்டோபரில் மறுபடி மழை பிடித்துவிடும். அதனால் பணம் ஏப்ரல் முடிவதற்குள் கையில் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு 500 ராண்ட் என்று கேட்கிறோம். முடிந்தவர்கள் கூடக் கொடுங்கள், முடியாதவர்கள் 20 ராண்ட் கொடுத்தாலும் ரசீது உண்டு. வருமான வரிக்கழிவுக்கு 18ஏ சான்று தருவோம். வரி விதிக்கும் வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு எண்ணைப் பள்ளி அலுவலகத்தில் மட்டும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது எண் அனுப்பினால் அது எங்களுடையது இல்லை. வரவு செலவுக் கணக்கை மாதாமாதம் அலுவலகப் பலகையில் ஒட்டுவோம். பணமாக முடியாதவர்கள் பிரியாணி சமைக்கும் சனிக்கிழமைக்கு வாருங்கள், வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும்.

இன்னொன்று, பணம் சம்பந்தப்படாதது. ஓடியவர்கள், தாண்டியவர்கள், எறிந்தவர்கள் பெயரை எல்லாம் ஒரு பலகையில் எழுதி மைதான வாசலில் வைக்கப் போகிறோம். பழைய கோப்பைகளில் பெயர் தேய்ந்துவிட்டது, பதிவேடுகளில் கரையான். உங்கள் வீட்டு ஆல்பத்தில் விளையாட்டு விழாப் படம் இருந்தால் கொண்டு வாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தருவோம். படத்தின் பின்னால் யார் யார் நிற்கிறார்கள், எந்த வீட்டு நிறம், எந்த வருடம் என்று எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். பெயர் நினைவில்லாத முகம் இருந்தால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். ஊரில் யாராவது சொல்வார்கள்.

அன்புடன்,
மைதானக் குழு