அன்று இரவு நான் இருந்த இடம்

அன்புத் தம்பிக்கு,

அக்டோபரில் பினாங்குக் கொடிமலையில் நான் வழி தவறிய இரவைப் பற்றி நீ இன்றுவரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா கேட்டார், பெரியம்மா கேட்டார், கம்பெனியில் என் லைனில் நிற்கும் பிள்ளைகள் எல்லாம் கேட்டார்கள். நீ மட்டும் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுச் சாலையில் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, கீழே ஒரு கடையில் நிறுத்தி, சூடாக மைலோ வாங்கிக் கையில் கொடுத்து, "குடிக்கா" என்றாய். அதுவும் வெறும் காற்றாகத்தான் வந்தது. இரவெல்லாம் என் பெயரைக் கத்திக் கத்தி உன் தொண்டை போயிருந்தது.

போன வாரம்தான் வாயைத் திறந்தாய். "இனிமே மலைப்பக்கம் போகாத." அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அன்றிரவு நான் எங்கே இருந்தேன் என்று உனக்கு முழுசாகச் சொல்லிவிட வேண்டும். நேரில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். கொடிமலைக்குத் தனியாக ஏறும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

அன்று நைட் ஷிப்ட் முடிந்து வந்து நாலு மணி நேரம்தான் தூங்கினேன். தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. தாவரவியல் பூங்கா வாசலில் மோட்டாரை விட்டுவிட்டு மலைப்பாதை தொடங்கும் மூன்கேட் வாசல் வழியாக ஏற ஆரம்பித்தபோது மணி பன்னிரண்டரை. மழைக்கு முந்திய புழுக்கம். வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? அன்று காற்றே ஈரமாக இருந்தது, வியர்வை ஊற்றிக்கொண்டே இருந்ததே தவிரக் காயவில்லை. 84 என்று நாம் சொல்லும் இளைப்பாறும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அங்கே ஒரு சீனப் பெரியவர் டீ ஊற்றிக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டுத்தான் உனக்கு மெசேஜ் போட்டேன்: "84 வந்துட்டேன். மேல போயிட்டு மூன்கேட் வழியாவே இறங்கிடுவேன்."

அந்த மெசேஜை நீ இன்னும் அழிக்கவில்லை என்று உன் மனைவி சொன்னாள்.

84-க்கு மேலே தார்ச்சாலை. காட்டுப்பாதையை விட அதுதான் ஆளைக் கொல்லும். செங்குத்து, நிழலும் விட்டுவிட்டுத்தான். இரண்டு விளக்குக் கம்பத்துக்கு ஒரு தடவை நின்றேன். மூன்றரைக்கு உச்சியில் திருமுருகன் கோயிலில் போய் உட்கார்ந்தபோது கால் நடுக்கம் நிற்கவே பத்து நிமிடம் ஆனது. கொண்டுபோன ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு மடக்குதான் மிச்சம். பூசாரி திருநீறு கொடுத்துக்கொண்டே, "இறங்குறது ரயில்லதானேம்மா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. அந்த நிமிடம் அப்படித்தான் இருந்தது. 1923-லிருந்து அந்த மலையில் ரயில் ஓடுகிறது. ஏறி உட்கார்ந்திருந்தால் சில நிமிடங்களில் கீழே ஆயர் ஈத்தாமில் இருந்திருப்பேன்.

ஆனால் கோயிலை விட்டு வெளியே வந்ததும் காற்று அடித்தது. உடம்பு லேசானது மாதிரி இருந்தது. கைப்பேசி வரைபடத்தில் டைகர் ஹில் பக்கமாக அணைக்கட்டுக்கு இறங்கும் பாதை தெரிந்தது. அணைக்கட்டுக்குப் போய்விட்டால் உன்னைக் கூப்பிடலாம், பார்லிம் வீட்டிலிருந்து நீ வந்துவிடுவாய், இரவு உன் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் சொல்லவில்லை. நான் உனக்குச் செய்த தப்பு இதுதான் தம்பி. பாதையை மாற்றினேன், உன்னிடம் சொல்லவில்லை. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

ஐந்து மணிக்கு மழை பிடித்தது. காய்கறித் தோட்டங்களுக்குப் போகும் கிளைப்பாதைகள் அங்கே நிறைய உண்டு, மழையில் எல்லாம் ஒரே மாதிரி செம்மண் ஓடையாகிவிட்டன. ஏதோ ஒன்றில் இறங்கினேன். அது கைவிடப்பட்ட தோட்டம் ஒன்றில் போய் முடிந்தது. திரும்பி ஏறலாம் என்றால் தொடை கேட்கவில்லை, இரண்டு கையாலும் முழங்காலை அழுத்தி அழுத்தித்தான் ஒவ்வோர் அடியும் வைத்தேன். பிரம்பு முள் சட்டையைப் பிடித்து இழுத்தது. ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும் என்ற நினைப்பு வேறு. 1982-இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததிலிருந்து நமக்கு மாலை நீளமானது என்று பழகிவிட்டோம். காட்டுக்குள் அந்தக் கணக்கு செல்லாது. ஆறுமணிப் பூச்சி கத்தி ஓய்வதற்குள் என் பாதம் எனக்குத் தெரியவில்லை.

டார்ச் இல்லை. கைப்பேசி விளக்கில்தான் நடந்தேன். உனக்கு மூன்று தடவை அடித்தேன், அவசர எண் 999-க்கும் அடித்தேன். மலை முதுகு மறைத்த இடம், லைன் போகவில்லை. சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி கரைந்தது. எட்டு மணி வாக்கில் அணைந்துவிட்டது.

பக்கத்தில் ஓடைச் சத்தம் கேட்டது. தண்ணீரோடு போனால் ஊர் வரும் என்று மனசு சொன்னது. இருட்டில் உட்கார்ந்தவாறே நகர்ந்து இருபதடி இறங்கியிருப்பேன். கால் பட்டு ஒரு கல் உருண்டது. சத்தம் வரும் வரும் என்று காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, எங்கோ கீழே, "டொக்" என்று கேட்டது.

அதற்குமேல் ஓர் அடி நகரவில்லை. நம் மலை முழுக்கக் கருங்கல், ஓடை போகப் போகப் பாறையிலிருந்து குதிக்கும். அருவிக்குப் பெயர் வாங்கிய மலை என்பது அந்தச் சத்தத்தில்தான் உறைத்தது. கையாலேயே தடவி மேலே வந்து ஒரு பாறைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன்.

குளிருக்குச் செத்துப்போகிற ஊரா இது என்று நீ நினைப்பாய். உச்சி 833 மீட்டர். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் குறையும், அதற்கு மேல் நனைந்த துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. கோயிலுக்கென்று வைத்திருந்த காய்ந்த சுரிதார் பையில் இருந்தது, ஈரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டேன். அழுக்குத்துணி போட எடுத்துப்போன கறுப்புக் குப்பைப் பையைக் கிழித்துத் தலை வழியாக மாட்டினேன். சருகைக் கூட்டி அதன்மேல் முதுகுப்பையை வைத்து உட்கார்ந்தேன். உயிரைக் காத்தது அந்த மூன்றும்தான்.

நள்ளிரவுக்கு மேல் மேகம் விலகியது. எதிர்ச்சரிவில் விளக்குகள். பார்லிம் அடுக்குமாடிகள், தம்பி. வரிசை வரிசையாகத் தெரிந்தன. உன் பிளாக் எது என்று எண்ணிப் பார்த்தேன். அங்கே நீ படுத்திருக்கிறாய், காலையில் எழுந்து என்னைத் தேடுவாய் என்று நினைத்துக்கொண்டுதான் கண்ணை மூடாமல் இருந்தேன். காலடியில் மக்கிய கட்டை ஒன்று பச்சையாக லேசாக ஒளிவிட்டது. காளானாக இருக்கும். விரலால் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். என் ரேகை தெரியுமளவுக்குக்கூட வெளிச்சம் இல்லை, ஆனாலும் அதைக் கீழே போட மனம் வரவில்லை.

அந்த நேரத்தில் நீ வீட்டிலேயே இல்லை. மலைக்கு மறுபக்கம் இருந்திருக்கிறாய். பூங்கா வாசலில் என் மோட்டாரைப் பார்த்தாயாம், ஈர சீட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாயாம். மோட்டார் இங்கே இருக்கிறது, மெசேஜும் மூன்கேட் என்கிறது, வேறெங்கே தேடுவாய்? போலீசில் சொல்லி, போம்பாக்காரர்களோடு, அதாவது தீயணைப்பு மீட்புப் படையோடு, மூன்கேட்டுக்கும் 84-க்கும் ஏறி இறங்கினாயாம். அம்மாவிடம் நான் ஓவர்டைம் என்று சொல்லி வைத்தாயாம். இதையெல்லாம் உன் மனைவிதான் சொன்னாள். நான் வாயைத் திறந்து ஒரு வரி எழுதியிருந்தால் அத்தனை பேரும் சரியான சரிவில் ஏறியிருப்பார்கள்.

விடியற்காலை பாங்கு சத்தம் கீழிருந்து வந்தது. வெளிச்சம் வந்த பிறகு ஒரு மோட்டார் சத்தம் கேட்டு அந்தப் பக்கம் நகர்ந்தேன். காய்கறிக் கூடை கட்டிய சீனத் தாத்தா ஒருவர். என்னைப் பார்த்ததும் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ சொன்னார், பிறகு மலாயில், "உட்கார், உட்கார்" என்றார். கைப்பேசியை நீட்டினார். உன் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. அம்மாவின் எண் மட்டும்தான் தெரியும். நீ இரவெல்லாம் மறைத்ததை நான் ஒரே நிமிடத்தில் அம்மாவிடம் உடைத்துவிட்டேன். அதற்கும் மன்னித்துக்கொள்.

இப்போது உன் எண் மனப்பாடம்.

மலைக்குப் போகாமல் இருக்க என்னால் முடியாது தம்பி. கம்பெனியில் எட்டு மணி நேரம் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தபடி நிற்கிறவளுக்கு அந்தப் பாதை வேண்டும். ஆனால் நைட் ஷிப்ட் முடிந்த கையோடு இனி ஏற மாட்டேன். நெற்றி விளக்கு, விசில், பவர் பேங்க், இரண்டரை லிட்டர் தண்ணீர் வாங்கி வைத்துவிட்டேன். எந்தப் பாதை, எத்தனை மணிக்கு இறங்குவேன் என்று தாளில் எழுதி உன் வீட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டுவேன். வழியை மாற்றத் தோன்றினால் அந்த இடத்திலேயே நின்று உன்னைக் கூப்பிடுவேன். லைன் கிடைக்காவிட்டால் மாற்ற மாட்டேன்.

வரும் ஞாயிறு காலை ஏழரை. மூன்கேட், 84, உச்சி. இறக்கம் ரயிலில். பன்னிரண்டு மணிக்குக் கீழே இருப்பேன். நீயும் வந்தால் 84-இல் உட்கார்ந்து டீ குடிக்கலாம். வராவிட்டாலும் மோட்டாரை உன் பிளாக்குக்குக் கீழேதான் நிறுத்துவேன், சாவியை உன்னிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன்.

அன்புடன்,
அக்கா